அந்த ஒன்றரை மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு மாணவன். முதல் வகைச் சர்க்கரை நோய். மதிய மணி அடித்ததும் மற்றவர்கள் டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள். இவன் கழிவறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டு இன்சுலின் ஊசி போட்டுவிட்டு வருகிறான். வீடு திரும்பினால், "இன்று சர்க்கரை எவ்வளவு?" என்பதே முதல் கேள்வி. இப்படி வளரும் பிள்ளைகளை என் ஆலோசனை அறையில் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். அம்மா பேசுவார். பிள்ளை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நெதர்லாந்தில், ஆம்ஸ்டர்டாமின் எம்மா குழந்தைகள் மருத்துவமனையில் இப்படி நீண்டகால நோயோடு வாழும் பிள்ளைகளுக்காக உருவான குழுப் பயிற்சி 'ஓப் கூர்ஸ்'. முதலில் நேரில்தான் நடந்தது. ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்கு அலைகிற பிள்ளைக்கு இன்னொரு நடை பெரும் சுமை அல்லவா? பிறகு இணையத்துக்கு வந்தது: வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், எட்டு வாரம். சிறு குழு, உளவியலாளர் வழிநடத்துவார். பேச்செல்லாம் தட்டச்சில்தான்.

முகம் காட்ட வேண்டாம் என்பது சிறிய விஷயமில்லை. ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பிய பெண்ணுக்கு அதுவே பாதித் துணிச்சல். ஒரே குழுவில் பல நோய்க்காரர்கள் இருப்பார்கள். சர்க்கரை நோய்ப் பையனும் குடல் அழற்சி உள்ள பெண்ணும் மாத்திரைகளை ஒப்பிட முடியாது; ஆனால் "என்னால்தான் வீட்டில் எல்லோருக்கும் கஷ்டம்" என்று ஒருவர் எழுதினால் மற்றவருக்கு விளக்கம் தேவைப்படாது.

அங்கே கற்றுத்தருவது, நினைப்பு உணர்வையும் உணர்வு செயலையும் எப்படி இழுக்கிறது என்பதை. தோழி பிறந்தநாளுக்கு அழைக்கவில்லை. 'நோயாளியை யார் கூப்பிடுவார்கள்' என்ற நினைப்பு, அழுகை, மறுநாள் அவளோடு பேச்சு இல்லை. "அவளிடம் கேட்டாயா?" என்று நான் கேட்டால் மௌனம்தான் பதில். அதையே சம வயதுப் பிள்ளை கேட்டால் யோசிக்கிறார்கள். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

இதை வாட்ஸ்அப் குழுவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு பிள்ளை "வாழப் பிடிக்கவில்லை" என்று எழுதினால், அதைக் கவனித்து உடனே தொடர்புகொள்ளப் பயிற்சி பெற்ற ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும்.

தமிழிலும் இப்படிக் குழுக்கள் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நம் வீடுகளில் கைபேசி பெரும்பாலும் அப்பாவுடையது. அந்த ஒன்றரை மணி நேரம் அதைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும். பெற்றோருக்கு அதுதான் கடினம் என்பதை நான் அறிவேன்.

இன்றே யாரிடமாவது பேச வேண்டுமென்றால், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416, தமிழில் பேசலாம். எண்ணைப் போட்டுக் கொடுங்கள். பிள்ளை பேசி முடிக்கும் வரை வாசல் திண்ணையில் உட்கார்ந்திருங்கள்.

நன்றி, வணக்கம்.