தாத்தா அல்ல, பங்காளி

நேயர்களுக்கு வணக்கம்.

பல வருடங்களுக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகளை அழகர்கோயிலுக்குக் கூட்டிப்போயிருந்தேன். பழமுதிர்ச்சோலைக்கு ஏறும் வழியில் ஒரு மந்தி, பையன் ஒருவன் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. அழுகை அடங்கியதும் அவன் கேட்டான்: "டீச்சர், குரங்குதானே நம்ம தாத்தா? அப்ப இது மட்டும் ஏன் இன்னும் மனுசனா மாறல?"

விலங்கியல் சொல்லிக்கொடுத்த காலமெல்லாம் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. நாலு காலில் நடக்கும் குரங்கு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து மனிதனாகிற அந்தப் படம்தான் இதற்குக் காரணம். அது எல்லார் மனதிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நம் பக்கத்துச் சொல் ஒன்றே இதை விளக்கும்: பங்காளி. மாசி சிவராத்திரிக்கு ஒரே குலதெய்வக் கோயிலில் கூடுகிற பங்காளிகளுக்கு, எந்தத் தலைமுறையில் பிரிந்தோம் என்று சொல்லத் தெரியாது. ஆனால் கும்பிடுகிற சாமி ஒன்று. பங்காளி யாருக்கும் தாத்தா ஆகமாட்டார். அவர் தலைக்கட்டு வேறு, நம் தலைக்கட்டு வேறு. அழகர்மலைக் குரங்கின் வழியும் நம் வழியும் சுமார் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. அன்றிருந்த மூதாதை இந்தக் குரங்கும் இல்லை, நாமும் இல்லை. அன்றிலிருந்து இருவரும் ஒரே அளவு காலம் நடந்து வந்திருக்கிறோம். அதனால் இது பாதியில் நின்றுபோன மனிதன் இல்லை, முழுமையான குரங்கு.

நெருங்கிய பங்காளி சிம்பன்சி. பிரிந்து 60, 70 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. 1960இல் ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டுக்குப் போன சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால், ஒரு சிம்பன்சி குச்சியில் இலையை உருவி, புற்றுக்குள் விட்டுக் கரையானை எடுத்துத் தின்பதைப் பார்த்தார். கருவி செய்யத் தெரிந்தவன் மனிதன் மட்டும் என்ற எண்ணம் அதோடு போயிற்று.

அத்தனை தூரம் போகாமலே பார்க்க நமக்கும் நிறைய இருக்கிறது. தீனி எதுவும் கொடுக்காமல் அழகர்கோயில் குரங்குக் கூட்டத்தை ஒரு மணி நேரம் பாருங்கள். ஒன்றுக்கொன்று பேன் பார்ப்பதுபோல் முடியைக் கோதிக்கொண்டிருக்கும். அது உறவு காக்கும் வேலை. நம் வீடுகளில் பெண்தான் பிறந்த வீட்டை விட்டுப் போகிறாள். அங்கே பெண் குரங்குகளான மந்திகள் தாயோடு தங்கிவிடும், வளர்ந்த ஆண் குரங்கான கடுவன்தான் வேறு கூட்டம் தேடிப் போகும்.

மனிதர்களின் பங்காளிக் கணக்கிலும் நம் மண்ணுக்கு ஓர் இடம் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன், மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸோடு சேர்ந்து ஆராய்ந்தபோது, மதுரைக்கு மேற்கே ஜோதிமாணிக்கம் கிராமத்தில் எம்130 என்ற மரபு அடையாளம் கிடைத்தது. தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே இறங்கும் ஒய் குரோமோசோமில் இருப்பது அது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிக் கடலோரமாகவே வந்தவர்கள் விட்டுப்போன தடம் என்கிறார்கள். இதை வைத்து "முதல் மனிதன் எங்க ஆளு" என்று பெருமை பேசுவதை நான் ஏற்கமாட்டேன். நம் ஒவ்வொருவர் உடம்பிலும் ஆயிரம் வழிகள் வந்து சேர்கின்றன; இது அப்பா வழி ஒன்றை மட்டும் சொல்கிற ஒற்றை நூல்.

கடைசியாக, இங்கே சொல்கிறவர்களில் ஆகத் தூரத்துப் பங்காளி: மரத்தில் வாழும் சின்ன உயிரான தேவாங்கு. பிரிந்து 6 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனாலும் கண் இரண்டும் நம்மைப்போல முன்னே பார்க்கும், விரலில் நம்மைப்போலத் தட்டை நகம். பின்காலில் ஒரு விரலுக்கு மட்டும் கூர்நகம், முடி கோத. இரவெல்லாம் பூச்சி தின்று விவசாயிக்கு உதவுகிற உயிர். அதை மருந்துக்கும் மாந்திரீகத்துக்கும் என்று பிடித்துக் கொன்றார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறாது. 2022இல் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கென்றே நாட்டில் அமைந்த முதல் சரணாலயம் அதுதான்.

அய்யலூர், நத்தம் பக்கம் ராத்திரியில் வண்டி ஓட்டுகிறவர்கள், விளக்கு வெளிச்சத்தில் இரண்டு செம்புள்ளிகள் தெரிந்தால் கொஞ்சம் நிறுத்துங்கள். அதற்கு ஓடத் தெரியாது. கையூன்றிக் கையூன்றி மெதுவாகத்தான் சாலையைக் கடக்கும்.

வணக்கம்.