கூடம் கோணலா, ஆட்டம் பழகவில்லையா?

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் உட்கார்ந்துகொண்டு, எந்தத் திரையில் படம் நன்றாகத் தெரிகிறது என்று பேசப் போகிறேன். என்னை அழைத்தவர்களுக்கே இது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் டிவியில் மாட்டி ஆடும் கேம் கன்சோல் பெட்டிகள் பற்றிய சண்டை முக்கால்வாசி வாயால் நடப்பதுதான். கண்ணுக்கு அதில் பெரிய வேலை கிடையாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குச் சொந்தக் கதை ஒன்று வைத்திருக்கிறேன். அதற்கு வருகிறேன்.

ஆறேழு வருடத்துக்கு ஒருமுறை இந்தக் கன்சோல்களுக்குத் தலைமுறை மாறும். போட்டிக் கம்பெனிகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் புதுப் பெட்டியோடு வந்து நிற்கும். 2020 நவம்பரில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 10-ஆம் தேதி வந்தது. சோனியின் பிளேஸ்டேஷன் 5 இரண்டே நாள் கழித்து, 12-ஆம் தேதி. வந்த அன்றைக்கே கேள்வி கிளம்பிவிடும்: எது நல்ல மெஷின்?

முதல் ஒரு வருடத்துக்கு அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது என்பது என் கட்சி. நழுவுகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த ஒரு வருடத்தில் நாம் கன்சோலையா ஒப்பிடுகிறோம், பழக்கத்தையா ஒப்பிடுகிறோம் என்பதுதான் என் சந்தேகம். இருபது வருடமாக இதையே சொல்லி வருகிறேன். வீட்டில் யாரும் கேட்பதில்லை, அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

புது வீட்டுக்குக் குடிபோன முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். விளக்குப் போடப் போய் ஃபேனைப் போடுவீர்கள். ஃபேனை நிறுத்தப் போய் வாசல் விளக்கை அணைப்பீர்கள். சுவிட்சுகள் எல்லாம் சுவரில் ஒழுங்காகத்தான் இருக்கின்றன, கைக்குத்தான் இன்னும் தெரியவில்லை. அந்த வாரத்தில் யாராவது வந்து "பழைய வீடு வசதியா, புது வீடு வசதியா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? கேம் எழுதுகிறவர்களுக்கும் புதுக் கன்சோல் அப்படித்தான். அவர்கள் கை பழகுவதற்குள் நாம் மார்க் போட்டுவிடுகிறோம்.

ஒரு பழைய உதாரணம். 2000 மார்ச்சில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2 வந்தது. செகா கம்பெனியின் ட்ரீம்காஸ்ட் கன்சோல் 1998-லேயே அங்கே வந்துவிட்டது. காகிதத்தில் பார்த்தால் பிளேஸ்டேஷன் 2 பெரிய மெஷின். ஆனால் அதன் முதல் கேம்களில் கோடுகள் எல்லாம் ரம்பப் பல் மாதிரி துருத்திக்கொண்டு மின்னின. ட்ரீம்காஸ்ட் படமோ வழவழவென்று இருந்தது. காரணம் இல்லாமல் இல்லை. படத்துக்கென்று ஒதுக்கிய மெமரி ட்ரீம்காஸ்டில் 8 எம்.பி., பிளேஸ்டேஷன் 2-ல் 4 எம்.பி.தான். அந்த நாலை வைத்துக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று கற்றுக்கொள்ளவே சில வருடம் ஆயிற்று. 2005-ல் அதே பெட்டியில் ஷேடோ ஆஃப் தி கொலோசஸ் என்ற கேம் ஓடியது. மலை மாதிரி ஒரு ராட்சசன் நடந்துவர, அவன் உடம்பு ரோமத்தைப் பிடித்துக்கொண்டு நீங்கள் ஏறுவீர்கள். ட்ரீம்காஸ்ட் அதுவரை இருக்கவில்லை; 2001-லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். 2000-த்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களின் கண் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் எடுத்த முடிவு ஐந்து வருடம் தாங்கவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த பெட்டி பிளேஸ்டேஷன் 3. பிடித்தது என்றால், ஒரு முரட்டு மாமாவைப் பிடிப்பது மாதிரி. 2006 நவம்பரில் வந்தது. எக்ஸ்பாக்ஸ் 360 ஒரு வருடம் முந்திக்கொண்டது. பிளேஸ்டேஷன் 3-க்குள் செல் என்று ஒரு பிராசஸர். அதில் ஒரு மேஸ்திரி, எட்டு உதவியாளர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டில் ஒருவரைத் தொழிற்சாலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சில்லில் ஒன்று பழுதாக இருந்தாலும் தூக்கிப் போடாமல் விற்கலாமே என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. மிச்சம் ஏழில் ஒன்று மெஷினின் சொந்த வேலைக்குப் போய்விடும். கேமுக்குக் கிடைப்பது ஆறு.

இந்த உதவியாளர்கள் அசாத்திய வேகக்காரர்கள். ஒரே ஒரு குணக்கேடு, இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் 256 கே.பி. அளவில் ஒரு குட்டி மேஜை. அந்த மேஜையில் எது இருக்கிறதோ அதைத்தான் தொடுவார்கள். வேண்டியதைக் கிடங்கிலிருந்து எடுத்து வந்து வைப்பதும், முடிந்ததை அள்ளிக்கொண்டு போவதும் கேம் எழுதுகிறவர் பொறுப்பு. கிடங்கும் ஒன்றாக இல்லை, 256 எம்.பி. இந்தப் பக்கம், 256 எம்.பி. படத்துக்காக அந்தப் பக்கம். எக்ஸ்பாக்ஸ் 360-ல் 512 எம்.பி.யும் ஒரே ஹாலாகத் திறந்து கிடந்தது. யாருக்கு எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது ஒரே கேமை இரண்டிலும் கொண்டுவர வேண்டும் என்றால் எதில் முதலில் எழுதுவார்கள்? எது சுலபமோ அதில்தான். பேயோனெட்டா என்று ஒரு கேம் 2009-ல் வந்தது. அதை எக்ஸ்பாக்ஸுக்காக எழுதி, பிறகு பிளேஸ்டேஷன் 3-க்கு வேறொரு குழு மாற்றிக்கொடுத்தது. அங்கே அது திணறித் திணறி ஓடியது. பார்த்தவர்கள், "பிளேஸ்டேஷன் 3 சுத்த வேஸ்ட்" என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நம் ஊரில் சொல்வோம் இல்லையா? இந்த விஷயத்தில் மட்டும் கூடம் உண்மையிலேயே கோணல்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோணல் கூடத்தில் ஆடிக் காட்டியவர்களும் இருந்தார்கள். நாட்டி டாக் என்ற குழு 2007-ல் முதல் அன்சார்ட்டட் கேமைக் கொடுத்தது. அதே குழு 2013-ல், அதே பெட்டிக்கு, தி லாஸ்ட் ஆஃப் அஸ் கொடுத்தது. அதே மேஸ்திரி, அதே குட்டி மேஜைகள், அதே 256-ம் 256-ம். பெட்டியின் பலம் கொஞ்சம்கூட மாறவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால் வேறு வேறு கன்சோல் என்று சத்தியம் செய்வீர்கள். நடுவில் மாறியது ஆடுகிறவர்களின் கால்.

சரி, என் கதை. எந்தக் கன்சோல் என்னுடையது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் இன்றைக்கும் சண்டை வரும். என் நண்பனிடம் மற்றது இருந்தது. இரண்டிலும் வந்த ஒரு கார் பந்தய கேம் எங்கள் இருவரிடமும் உண்டு. அதில் சாயங்கால வானம் ஒன்று வரும். என் வீட்டில் அந்த வானம் அப்படியே செக்கச் செவேல் என்று எரியும், தார் ரோடு ஈரமாகப் பளபளக்கும். அவன் வீட்டில் எல்லாம் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கும். ஆறு மாதம் இதைச் சொல்லிச் சொல்லி அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். கிராஃபிக்ஸ் சிப், மெமரி வேகம், எனக்குப் பாதி புரிந்தது, முக்கால் புரியாதது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தன் கன்சோலைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டான், தங்கையையும் கூட்டிக்கொண்டு. அந்தப் பெண்ணுக்கு கேம் பக்கமே ஈடுபாடு கிடையாது. இரண்டு பெட்டியையும் என் டிவியிலேயே மாட்டினோம். பெட்டிகள் மேல் ஒரு போர்வை. நான் திரும்பி நிற்பேன், தங்கை ஏதாவது ஒன்றைப் போடுவாள், நான் பார்த்துச் சொல்ல வேண்டும். பத்துக்குப் பத்து சரியாகச் சொன்னேன். சிவந்த வானம் என்றால் என்னுடையது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நண்பன் முகம் சுருங்கிப்போயிற்று.

தங்கை டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அண்ணா, இந்த ரெண்டு ஒயரையும் மாத்திச் சொருகினா என்ன ஆகும்?" என்றாள். "ஒண்ணும் ஆகாது, சொருகிப் பாரு" என்றேன், ராஜா மாதிரி.

மாற்றிச் சொருகினாள். சிவந்த வானம் அவன் பெட்டிக்குப் போய்விட்டது.

என் டிவியில் ஒயர் சொருகும் ஒவ்வொரு எச்.டி.எம்.ஐ. துளைக்கும் தனித்தனியாக வண்ண அமைப்பு இருக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். முதல் துளையில் யாரோ எப்போதோ விவிட், அதாவது நிறத்தைத் தூக்கலாகக் காட்டும் அமைப்பை வைத்திருக்கிறார்கள். அந்த யாரோ நான்தான் என்று நினைக்கிறேன். என் பெட்டி என்றைக்கும் அந்தத் துளையில்தான் இருந்தது. ஆறு மாதமாக நான் புகழ்ந்துகொண்டிருந்தது என் டிவி ரிமோட்டில் இருந்த ஒரு பட்டனை! இரண்டு துளையையும் ஒரே அமைப்புக்குக் கொண்டுவந்து மறுபடி ஆடினோம். பத்தில் நாலு சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிவிட்டுச் சொல்லியிருந்தால்கூட ஐந்து கிடைத்திருக்கும்.

அன்றையிலிருந்து யாராவது "இதில் கலர் நல்லா இருக்கு" என்று ஆரம்பித்தால், "எந்தத் துளை?" என்று கேட்பது என் வழக்கமாகிவிட்டது. வீட்டில் இதை ஒரு கேலிப் பேச்சாகவே வைத்திருக்கிறார்கள்.

நேரம் போய்க்கொண்டிருக்கிறது. என் கட்சிக்கு எதிரான சாட்சியையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயம் இல்லை. 2013-ல் பிளேஸ்டேஷன் 4-ம் எக்ஸ்பாக்ஸ் ஒன்னும் வந்தன. கால் ஆஃப் டியூட்டி: கோஸ்ட்ஸ் என்ற கேம் பிளேஸ்டேஷனில் 1080 வரியில் ஓடியது, எக்ஸ்பாக்ஸில் 720 வரியில். புள்ளிக் கணக்கில் சொன்னால் ஒன்றில் 20 லட்சத்துக்கு மேல், மற்றதில் 9 லட்சத்துச் சொச்சம். முதல் மாதமே சொன்ன தீர்ப்பு அந்த இரண்டு பெட்டிக்கும் கடைசிவரை நின்றது. ஏன் நின்றது? இந்தத் தடவை சோனி கோணல் கூடம் கட்டவில்லை. இரண்டு பெட்டியிலும் ஏ.எம்.டி. கம்பெனியின் ஒரே ஜாதிச் சில்லுகள். ஆனால் கிராஃபிக்ஸ் பலத்தில் பிளேஸ்டேஷனுக்கு ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதல். பழக்கமின்மை மறைக்கக்கூடிய வித்தியாசம் இல்லை அது.

2020-ல் அதே மாதிரி கணக்குப் போட்டார்கள். சீரிஸ் எக்ஸுக்கு 12 டெராஃபிளாப்ஸ், அதாவது விநாடிக்கு 12 லட்சம் கோடி கணக்கு. பிளேஸ்டேஷன் 5-க்கு 10.28. அப்புறம் என்ன, எக்ஸ்பாக்ஸ்தான் ஜெயிக்கும் என்றார்கள். முதல் கேம்கள் வந்தன. அசாசின்ஸ் கிரீட் வால்ஹல்லாவில் விநாடிக்கு 60 ஃப்ரேமை, அதாவது 60 படத்தை, ஒழுங்காகப் பிடித்து நின்றது பிளேஸ்டேஷன்தான். சீரிஸ் எக்ஸில் படம் அவ்வப்போது குறுக்கே கிழிந்த மாதிரி தெரிந்தது. பிறகு வந்த அப்டேட்களில் இடைவெளி குறைந்தது. பெட்டி அதே பெட்டி, நேற்று தோற்றது இன்று சமம். பாருங்கள், மறுபடியும் அதே இடத்துக்கு வந்துவிட்டேன்: கன்சோலையா ஒப்பிட்டோம், பழக்கத்தையா?

இன்னொன்று, எந்த முதல் வருட ஒப்பீட்டிலும் அகப்படாத சமாச்சாரம். எக்ஸ்பாக்ஸ் 360-ல் முன்பக்கம் சிவப்பு விளக்கு எரிந்து பெட்டி படுத்துவிடும் கோளாறு வந்தது. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அதற்கு மட்டும் வாரன்டியை 3 வருடமாக நீட்டியது. செலவு 100 கோடி டாலருக்கு மேல். எந்த மெஷின் உழைக்கும் என்று அட்டவணையில் ஒரு கட்டம் போட்டாலும், முதல் வருடம் அதை எதை வைத்து நிரப்புவது?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். விரிவாகப் பேச வைத்திருந்ததை எல்லாம் இனி ஓட்டமாகத்தான் சொல்ல வேண்டும். முதல் வருடத்திலேயே வாங்கியாக வேண்டும் என்றால், பழைய கேம் ஓடுமா என்று பாருங்கள். சேமிக்கும் இடம் பெட்டி மேல் போட்டிருக்கும் அளவு கிடைக்காது. 2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5-ல் 825 ஜி.பி. என்றால் கைக்கு வந்தது 667. டிஸ்க் போடும் வாய் இல்லாத மாடலை வாங்கினால் அலமாரியில் இருக்கும் டிஸ்க்குகளை அப்படியே அதில் போட முடியாது. கூட விளையாட வேண்டிய நண்பர்கள் எதை வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

வீ என்ற கன்சோல் பற்றி ஐந்து நிமிடம் வைத்திருந்தேன். நின்டெண்டோ வீ, 2006. போட்டிக்காரர்கள் இருவரும் எச்.டி. எச்.டி. என்று அடித்துக்கொண்டபோது அதில் எச்.டி.யே கிடையாது. கையில் ஒரு ரிமோட்டைக் கொடுத்து வீசச் சொன்னார்கள், பாட்டிகள் எல்லாம் பௌலிங் ஆடினார்கள், விற்றது 10 கோடிக்கு மேல், மற்ற இரண்டையும் விட அதிகம். அதன் படத்தை யார் எதோடு ஒப்பிட்டார்கள் என்று... சரி, சிவப்பு விளக்கு இங்கேயும் எரிகிறது. வணக்கம்.