மடிப்புக்குள் தங்கும் ஈரம்

நேயர்களுக்கு வணக்கம்.

தோல் மருத்துவர் துணி துவைப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நினைப்பீர்கள். படர்தாமரைக்கு மருந்து வாங்கிப் போனவர் குணமாகி, இரண்டே மாதத்தில் அதே அரிப்போடு திரும்பி வருவார். "ஒழுங்காத்தான் தடவினேன் டாக்டர்" என்பார். தடவியிருப்பார், சந்தேகமில்லை. "வீட்டில் ஆளுக்கொரு துண்டு இருக்கிறதா?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். ஒரே துண்டில் மூன்று பேர் துடைத்துக்கொள்வார்கள். தோலில் இருந்த பூஞ்சை போய்விட்டது. துண்டில் இருந்தது போகவில்லை.

வெந்நீரில் துவையுங்கள் என்றால், கை பொறுக்கும் சூட்டில் முக்கி எடுப்பவர்கள்தான் அதிகம். அது போதாது. 60 டிகிரி செல்சியஸ் வேண்டும். படர்தாமரைப் பூஞ்சை அந்தச் சூட்டில்தான் சாகிறது, 30 டிகிரியில் தப்பிவிடுகிறது. ஆஸ்துமாக்காரர்களைப் படுத்தும் தூசிப் பூச்சியும் அப்படித்தான். எல்லாத் துணிக்கும் இந்தச் சூடு தேவையில்லை. உள்ளாடை, துண்டு, படுக்கை விரிப்பு, சமையலறையில் கை துடைக்கிற துணி, இவற்றுக்குப் போதும். கையால் துவைப்பவர்கள் அந்த நீரில் கைவிட வேண்டாம், புண்ணாகிவிடும். வாளியில் ஊறவைத்துக் கோலால் கிளறி, ஆறிய பிறகு கசக்குங்கள்.

ஆனால் என்னை அதிகம் கவலைப்படுத்துவது துவைத்த பிறகு நடப்பதுதான். துண்டு கொடியில் இருக்கும்வரை வாடை தெரியாது. முகம் துடைத்து ஈரம் பட்டதும் குப்பென்று எழும். 2012-ல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வு ஒன்று, மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியாவே அந்த வாடைக்கு முக்கியக் காரணம் என்று காட்டியது. துணி காய்ந்தாலும் அது எளிதில் சாகாது, ஈரத்துக்காகக் காத்திருக்கும். வாடையை மறைக்க வாசனைத் திரவம் ஊற்றிப் பயனில்லை. துவைத்ததை மெஷினிலேயே விட்டுவிடாமல் உடனே உலர்த்துங்கள். மடித்து வைக்கும் முன் உள்ளாடையின் இடுப்புப் பட்டியை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். மேல்துணி மொறுமொறுவென்று காய்ந்திருக்கும், பட்டி மட்டும் சில்லென்று இருக்கும். அப்படியிருந்தால் இன்னும் காயவில்லை, மறுபடி கொடியில் போடுங்கள். இடுப்பைச் சுற்றி வளையம் வளையமாகப் படர்தாமரை வருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

சரி, வீட்டில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கோ வாந்தியோ என்றால்? அவர் துணியை உதறவே கூடாது. உதறினால் கிருமி காற்றில் பரவும். மார்போடு அணைத்தும் தூக்க வேண்டாம். மெஷினில் போட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சிரங்குக்காரரின் துணிகளில் துவைக்க முடியாதவை இருந்தால், பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வையுங்கள். சிரங்குப் பூச்சி மனிதத் தோலை விட்டு மூன்று நாளுக்கு மேல் பொதுவாகத் தாங்காது.

கடைசியாக, உயிர் போகிற விஷயம் ஒன்று. ப்ளீச்சோடு வினிகரையோ அம்மோனியா உள்ள திரவத்தையோ சேர்க்காதீர்கள். அதிலிருந்து நச்சு வாயு கிளம்பும். தெரியாமல் கலந்துவிட்டால் வாளியை அப்படியே விட்டுவிட்டு முதலில் வெளியே வந்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.