படம் பிடித்தது கேமரா, பிடிக்க வைத்தது எது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'ஜப்பானின் மைனிச்சி ஷிம்புன் நாளிதழுக்குப் பெரும்பெயர் தந்தது புகைப்படமா, புலனாய்வா?' என்பது இன்றைய தலைப்பு. நான் புலனாய்வுக் கட்சி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி நம்மை 1960 அக்டோபர் 12க்குக் கூட்டிப்போனார். டோக்கியோவில் ஹிபியா மண்டபம். சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் இனெஜிரோ அசனுமா மேடையில் பேசிக்கொண்டிருக்கிறார். ஒதோயா யமகுச்சி என்ற 17 வயதுப் பையன் குறுவாளோடு பாய்ந்து குத்துகிறான். உருவிய வாளை மறுபடி ஓங்கிய கணத்தை மைனிச்சியின் யசுஷி நகாவோ எடுத்துவிட்டார். அசனுமாவின் மூக்குக்கண்ணாடி நழுவுவதுகூடத் தெரியும். மறு ஆண்டு புலிட்சர் பரிசு வந்தது. தோழி சொன்னபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அந்தப் படத்தைக் குறை சொன்னால் எனக்கே பொறுக்காது.

ஆனால் அந்தக் கொலை நடந்தது ஊரறிய. பிரதமர் இகெதா அங்கேயே இருந்தார், தொலைக்காட்சிக் கேமராவும் ஓடிக்கொண்டிருந்தது. நகாவோ அன்று விடுப்பில் இருந்திருந்தாலும் மாலைக்குள் நாடு முழுக்கத் தெரிந்திருக்கும். மாறாக, அந்தப் பையன் யார், எந்த வலதுசாரிக் கூட்டத்தில் வளர்ந்தான், அவனுக்குப் பின்னால் ஆள் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். படம் வாய் திறக்காது. அவனும் அடுத்த மாதமே காவலில் தூக்குப் போட்டுக்கொண்டான். தெரிந்ததை மறக்க முடியாமல் செய்ததுதான் அந்தப் படத்தின் பெருமை. நான் பேச வந்ததோ, யாருக்கும் தெரியாததைத் தெரியவைத்த கதை.

ஷின்இச்சி ஃபுஜிமுரா. முறைப்படி தொல்லியல் படித்தவர் அல்ல, தானாகக் கற்றவர். ஆனால் அவர் மண்ணில் கைவைத்தால் பழங்காலக் கல் கருவி கிடைக்கும். மற்றவர்கள் நாள் முழுக்கத் தோண்டி வெறுங்கையோடு நிற்கும் குழியில் இவர் குனிந்தால் போதும். 'கடவுளின் கை' என்றே பட்டம் கொடுத்தார்கள். 1981இல் சுமார் 40,000 ஆண்டுப் பழமை என்று தொடங்கியது, போகப்போக லட்சக்கணக்கான ஆண்டுகளுக்குப் போனது. அவர் தோண்டிய இடங்களில் ஒன்றான மியாகி மாகாணத்தின் கமிதகமோரி பாடப்புத்தகத்திலேயே ஏறிவிட்டது. சந்தேகப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. தொல்லியலாளர்கள் ஓதா ஷிசுவோவும் சார்லஸ் கீலியும் 1986இலேயே எழுதினார்கள். துறை காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரிய பேராசிரியர்களுக்கு அந்தக் கற்கள் தேவைப்பட்டன போலிருக்கிறது. இது என் ஊகம், நடுவர் மன்னிக்க வேண்டும்.

2000ஆம் ஆண்டில் அந்தச் சந்தேகம் மைனிச்சியின் ஹொக்கைடோ நிருபர்கள் காதுக்கு வந்தது. அவர்கள் கட்டுரை எழுதி அவசரப்படவில்லை. இந்த ஆள் எப்போது தனியாக இருப்பார், எந்தக் குழி, எந்த நேரம் என்று பின்தொடர்ந்தார்கள். அக்டோபர் 22 அதிகாலை, கமிதகமோரியில் மறைத்துவைத்த வீடியோ கேமராவில் சிக்கினார். பிளாஸ்டிக் பையிலிருந்து கல்லை எடுக்கிறார், குழியில் வைக்கிறார், மண்ணை மூடிக் காலால் மிதிக்கிறார்.

இங்கேதான் எதிரணி துள்ளிக் குதிக்கும்: 'பார்த்தீர்களா, கடைசியில் படம்தானே காப்பாற்றியது!' சரி, படம்தான். ஆனால் அந்தப் பள்ளத்துக்கு எதிரே விடியற்காலையில் கேமராவை வைக்கச் சொன்னது யார்? கேமராவா? அகழாய்வு நடக்கும்போதெல்லாம் எத்தனையோ நிருபர்கள் அங்கே வந்து, சிரித்த முகத்தோடு கல்லைத் தூக்கிக் காட்டும் ஃபுஜிமுராவைப் படம் பிடித்துப்போனார்கள். அவையும் உண்மையான படங்கள்தான். அத்தனையும் பொய்யைத்தான் பரப்பின.

இன்னொன்றைக் கவனியுங்கள். படம் கிடைத்தது அக்டோபர் 22, அச்சேறியது நவம்பர் 5. கையில் வெடிகுண்டு மாதிரிச் செய்தியை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் பொறுத்திருக்கிறார்கள். அதற்குள் அகழாய்வுக் குழு தன் 'கண்டுபிடிப்பை' உலகுக்கு அறிவித்தது. பிறகு நிருபர்கள் ஃபுஜிமுராவைச் சந்தித்துக் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். ஒப்புக்கொண்டார். கமிதகமோரியில் அந்த முறை கிடைத்த 65 பொருள்களில் 61 அவரே புதைத்தவை. ஹொக்கைடோவின் சோஷின் ஃபுதோசாகாவில் கிடைத்த 29உம் அப்படியே. பாடப்புத்தகங்களைத் திருத்த வேண்டியதாயிற்று. ஆளிடம் விளக்கம் கேட்காமல் படத்தை மட்டும் போட்டிருந்தால், 'எடுத்ததைத் திரும்ப வைத்தேன்' என்று ஒரு வரியில் தப்பித்திருப்பார்.

அப்புறம், மைனிச்சியின் இன்னொரு நிருபர் தகிச்சி நிஷியாமா. 'படம் இல்லாத புலனாய்வு என்ன ஆகும் என்று அவரைப் பாருங்கள்' என்று தோழி குத்தினார். பார்ப்போம். போருக்குப் பின் அமெரிக்கா வசமிருந்த ஒகினாவா தீவுகள் 1972இல் ஜப்பானுக்குத் திரும்பின. நிலங்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அமெரிக்கா தர வேண்டிய 40 லட்சம் டாலரை ஜப்பானே மறைமுகமாகக் கட்ட ஒப்புக்கொண்டதைக் காட்டும் தந்தி நகல்கள் நிஷியாமா கைக்கு வந்தன. அவை நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் வழியாக வெளிப்பட்டன. நிஷியாமா கைதானார். வெளியுறவு அமைச்சகப் பெண் ஊழியர் ஒருவரோடு இருந்த நெருக்கத்தைப் பயன்படுத்தித் தந்தியை வாங்கியதும், கொடுத்தவரைக் காப்பாற்றாமல் விட்டதும் அவர் தவறு. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். வார இதழ்கள் ஒப்பந்தத்தை விட்டுவிட்டுப் படுக்கையறையைப் பிடித்துக்கொண்டன. வாசகர்கள் மைனிச்சியைத்தான் திட்டினார்கள். 1978இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது.

ஆனால் அவர்மீது என்ன வழக்கு? பொய் எழுதினார் என்றா? இல்லை, அரசு ரகசியத்தை வெளியே எடுத்தார் என்று. ஒப்பந்தமே கிடையாது என்று சாதித்த அரசு, அதன் தந்தி வெளியானதற்கு ஆளை உள்ளே வைத்தது! 2000இல் அமெரிக்க ஆவணங்கள் வெளிவந்தன. 2006இல், அந்தப் பேச்சுவார்த்தையில் இருந்த அதிகாரி புன்ரோகு யோஷினோவே ஒப்புக்கொண்டார். 2010இல் வெளியுறவு அமைச்சகம் அமைத்த குழுவும் இரகசிய உடன்பாடு இருந்ததை ஏற்றது. நிஷியாமாவிடம் படம் இருந்திருந்தால் அதில் என்ன இருந்திருக்கும்? மேசையைச் சுற்றி நாலு பேர் கைகுலுக்குவார்கள். அந்த 40 லட்சம் டாலர் அதில் எந்த மூலையில் தெரியும்?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்து வரும் எதிரணி நண்பருக்கு ஒரே கேள்வி. நகாவோவின் படம் இல்லாவிட்டால் அசனுமா கொலை மறைந்துபோயிருக்கும் என்று அவர் சொல்வாரா? சொன்னால், நான் இப்போதே அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.