வீட்டுக் குரல்பதிவுக் கூண்டில் ‘டப்பா’ ஒலி: காரணமும் தீர்வும்

(காட்சி: மாடி அறையின் மூலையில் பிளைவுட் கூண்டு. கதவு திறந்திருக்கிறது.)

வணக்கம். இது வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டின் மாடி அறை. மூலையில் நிற்கும் இந்தக் கூண்டு என் நண்பருடையது. விளம்பரக் குரல், பாட ஒலிப்பதிவு, ஆவணப்பட வர்ணனை என்று எல்லாவற்றையும் அவர் இதற்குள் நின்றுதான் பேசுகிறார். நீளம் 4 அடி, அகலம் 4 அடி, உயரம் 8 அடி. பிளைவுட் பலகை கடையிலேயே 8 அடிக்கு 4 அடியாகத்தான் வருகிறது. வெட்டும் வேலை மிச்சம் என்று தச்சர் அப்படியே நிறுத்திவிடுகிறார். வீடுகளில் பல கூண்டுகள் இந்த அளவில் அமைவதற்கு அதுதான் காரணம்.

உள்ளே நான்கு சுவர்களிலும் ஓர் அங்குல ஃபோம் ஒட்டியிருக்கிறது. பார்க்க ஸ்டூடியோ போலவே இருக்கிறது. பதிவைக் கேளுங்கள்.

(ஒலி: பழைய பதிவு, 10 நொடி.)

எதிரொலி இல்லை. ஆனால் குரலின் அடிப்பகுதி வீங்கியும் மேல்பகுதி மழுங்கியும் இருக்கின்றன. மைக்கை மாற்றினால் சரியாகும் என்று பலர் பணம் செலவழிக்கிறார்கள். குறை மைக்கில் இல்லை, கூண்டின் அளவிலும் ஃபோமின் தடிமனிலும் இருக்கிறது.

அதை உங்கள் காதாலேயே கண்டுபிடிக்கலாம். கூண்டுக்குள் நின்று கதவைச் சாத்துங்கள். வாயை மூடிக்கொண்டு, மிகத் தாழ்ந்த சுருதியிலிருந்து மெதுவாக மேலே ஏறியபடி முனகுங்கள். ஓர் இடத்தில் நீங்கள் கூடுதலாக முயலாமலே ஒலி திடீரென்று பெருகும், மார்பு அதிரும். அதுதான் உங்கள் கூண்டின் சுருதி. இந்தக் கூண்டில் அது ஒன்றரைக் கட்டைக்குப் பக்கத்தில் வருகிறது.

கணக்கு எளிது. 20 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் செல்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே உள்ள தூரத்தை இரட்டித்து, அதனால் 343ஐ வகுக்க வேண்டும். 4 அடி என்பது 1.22 மீட்டர். 343ஐ 2.44ஆல் வகுத்தால் ஏறத்தாழ 140 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 140 அதிர்வு. அந்த அலைவெண்ணில் ஒலி இரு சுவர்களுக்கும் நடுவே நிலை அலையாகத் தங்கிவிடுகிறது. நீளத்துக்கு 140, அகலத்துக்கும் 140. உயரம் 8 அடி என்பதால் அங்கே முதலில் 70, அதன் இருமடங்கு மறுபடியும் 140. மூன்று திசைகளும் ஒரே சுருதியில் வந்து குவிகின்றன. ஆண்களின் பேச்சுக் குரலுக்கு அடிப்படை பெரும்பாலும் 85 முதல் 180 ஹெர்ட்ஸுக்குள் இருப்பதால், வீக்கம் நேராகக் குரலின் மேலேயே விழுகிறது. அக்னி நட்சத்திர நாளில் அறை 40 டிகிரியைத் தொட்டால் ஒலியின் வேகம் 355 மீட்டராகி, அந்தச் சுருதியும் 145 ஹெர்ட்ஸுக்கு நகரும். வெயில் காலத்தில் பதிவு செய்ததும் மார்கழியில் பதிவு செய்ததும் ஒட்டாமல் போவதில் இதற்கும் சிறு பங்கு உண்டு.

இன்னும் கூண்டு அடிக்காதவர்கள் இங்கேயே ஒரு முடிவு எடுத்துவிடலாம். 4, 5, 7 அடி என்று மூன்று அளவுகளையும் வேறுபடுத்துங்கள். பலகையை வெட்டும் கூலி வீண்போகாது.

ஏற்கெனவே அடித்துவிட்டவர்கள் ஃபோமைக் கவனிக்க வேண்டும்.

(காட்சி: ஃபோம் துண்டு ஒன்றைச் சுவரிலிருந்து பிரித்து, அளவுகோலோடு காட்டுதல்.)

ஓர் அங்குலம், அதாவது இரண்டரை சென்டிமீட்டர். பஞ்சு போன்ற பொருள் ஒலியை நன்றாக உறிஞ்ச வேண்டுமானால், அதன் தடிமன் அலைநீளத்தில் கால்பங்கு அளவுக்காவது நெருங்க வேண்டும். 1000 ஹெர்ட்ஸின் கால் அலைநீளமே எட்டரை சென்டிமீட்டர். 140 ஹெர்ட்ஸுக்கு அது 60 சென்டிமீட்டர். ஓர் அங்குல ஃபோம் ‘ச’, ‘ஸ’ போன்ற உரசொலிகளைத் தின்றுவிட்டு, அடிவீக்கத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறது. நான்கு சுவர்களையும் அதால் நிரப்பினால் குரலின் பிரகாசம், அதாவது உயர்ந்த ஒலிகளின் தெளிவு மட்டும்தான் போகும். ஃபோமுக்குப் பதில் சிலர் ஒட்டும் முட்டை அட்டைகளின் நிலை இதைவிட மோசம்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895இல் அறையின் ஒலியால் வேறொரு குறை எழுந்தது. புதிய விரிவுரை அரங்கில் சொன்ன சொல் ஐந்து நொடிக்கு மேல் சுழன்று, அடுத்த சொல்லை விழுங்கியது. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். எத்தனை மெத்தைக்கு எவ்வளவு நேரம் குறைகிறது என்ற அந்த அளவீட்டிலிருந்துதான் கட்டட ஒலியியலின் முதல் சூத்திரம் பிறந்தது. அவர் கையில் எடுத்தது தடித்த மெத்தை என்பதை மறக்க வேண்டாம்.

நாமும் தடிமனுக்கே போகலாம். 4 அங்குல ஆழத்தில் மரச்சட்டம் அடித்து, உள்ளே ராக்வூல் பலகையை, அதாவது பாறையை உருக்கி இழைத்த நார்ப் பலகையை வையுங்கள். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி என்று கேட்டு வாங்கலாம். பாய்லர், ஏ.சி. டக்ட் ஆகியவற்றுக்கு வெப்பக் காப்பு செய்பவர்கள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள், இராணிப்பேட்டைப் பக்கம் விசாரியுங்கள். கையாளும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். நார் தோலில் பட்டால் அரிக்கும், மூச்சிலும் போகக் கூடாது. சட்டத்தைச் சுவரோடு ஒட்டாமல் 2 அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். பின்னால் இருக்கும் காற்று இடைவெளி செலவில்லாமல் தாழ்ந்த ஒலிகளையும் பிடித்துக் கொடுக்கும்.

மேலே போர்த்தும் துணியைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை போதும். துணியை வாயருகே பிடித்து ஊதுங்கள். மூச்சு மறுபக்கம் வந்தால் ஒலியும் உள்ளே போகும்.

(காட்சி: குடியாத்தம் லுங்கித் துணியை உதட்டருகே பிடித்து ஊதுதல். மறுபக்கம் பிடித்த நூலிழை அசைகிறது. பிறகு ரெக்ஸின். இழை அசையவில்லை.)

குடியாத்தம் கைலித் துணி அருமையாக வேலை செய்கிறது. ரெக்ஸினும் தோலும் உயர்ந்த ஒலிகளைத் திருப்பி அனுப்பிவிடும். குரல் அளவுக்கு மீறி மந்தமாகிவிட்ட கூண்டில் ஒரே ஒரு சட்டத்துக்கு வேண்டுமென்றே ரெக்ஸின் போர்த்தலாம். அடிவீக்கம் ஓரளவு அடங்கும், பிரகாசம் மிஞ்சும்.

ராக்வூலுக்கு வழியில்லாதவர்கள் பழைய பஞ்சு மெத்தையை இரண்டாக மடித்து, கூண்டின் மூலையில் செங்குத்தாகக் குறுக்கே நிறுத்துங்கள். தாழ்ந்த ஒலியின் அழுத்தம் மூலைகளில்தான் அதிகம் சேர்கிறது. மெத்தைக்கும் மூலைக்கும் நடுவே விழும் முக்கோண இடைவெளியும் பயன்படும். 140 ஹெர்ட்ஸ் இதனால் அடியோடு மறைந்துவிடாது. வீக்கம் தணியும். மிச்சத்தை, ஒவ்வொரு அலைவெண்ணையும் தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் சிறிது குறைத்தால் போதும்.

சட்டங்களுக்கு முதல் இடம் பேசுபவரின் முதுகுக்குப் பின்னால். பலர் மைக்குக்குப் பின்னால் மட்டும் அடைக்கிறார்கள். கார்டியாய்டு மைக் தன் முன்பக்கத்தைத்தான் கூர்ந்து கேட்கிறது. அதன் முன்னே இருப்பது உங்கள் முகமும், முகத்துக்குப் பின்னாலுள்ள சுவரும். இரண்டாவது இடம் தலைக்கு மேல் கூரை. பக்கச் சுவர்களில் பாதியை மட்டும் மூடினால் போதும் என்பது என் கருத்து.

மைக்கைக் கூண்டின் நட்டநடுவில் வைக்க வேண்டாம். நடுப்புள்ளியில் 140 ஹெர்ட்ஸின் அழுத்தம் சரிந்து குரல் மெலியும், சுவரோரத்தில் பெருகும். மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் தொடங்கி, அரை அடி அரை அடியாக நகர்த்திக் கேளுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம் இருக்கட்டும். தூரத்தைப் பாதியாக்கினால் நேரடிக் குரல் 6 டெசிபல் கூடும். கூண்டின் ஒலி அப்படியே நிற்கும்.

அடுத்தது வசனத் தாள் வைக்கும் ஸ்டாண்டு. டேப்லெட்டின் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் குரல், நேராக வந்த குரலைவிட 34 சென்டிமீட்டர் கூடுதலாகச் சுற்றினால், ஆயிரத்தில் ஒரு நொடி தாமதமாக வந்து சேரும். அப்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துப் பள்ளங்கள் விழும். குரல் தகரத்துக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஸ்டாண்டைச் சாய்த்து, திரும்பும் ஒலி மைக்கைத் தாண்டிப் போகும்படி வையுங்கள்.

வெளிச்சத்தம் வேறு கணக்கு. காட்பாடி ரயிலின் ஹார்னையும் நெடுஞ்சாலை லாரியையும் பஞ்சு தடுக்காது. அதற்கு எடை வேண்டும், அதைவிட முக்கியமாக இடுக்கு இருக்கக் கூடாது. சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மீதிச் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. கதவைச் சுற்றி ரப்பர் பீடிங் ஒட்டுங்கள். கதவின் அடியையும் விட்டுவிடாதீர்கள்.

அப்படி அடைத்த கூண்டில் வேலூர் வெயிலில் யாரும் நெடுநேரம் நிற்க முடியாது. பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து காற்றை மாற்றுங்கள். வெளி அறையை முன்கூட்டியே குளிர வைத்து, பதிவின்போது ஏ.சி.யையும் மின்விசிறியையும் நிறுத்துங்கள். விளக்கு எல்.இ.டி.யாகவே இருக்கட்டும். பாலியூரித்தேன் ஃபோம் எளிதில் தீப்பிடிக்கும், அதன் புகை நஞ்சு. ஃபோமுக்குப் பக்கத்தில் சூடாகும் எதையும் வைக்காதீர்கள்.

(ஒலி: புதிய பதிவு, 10 நொடி. பிறகு பழையதும் புதியதும் மாறி மாறி.)

எல்லாம் முடிந்த பிறகு மறுபடியும் முனகிப் பாருங்கள். பிறகு பேசாமல் 30 நொடி வெறுமையைப் பதிவு செய்து அதன் அளவைப் பாருங்கள். ஒலிநூல் தளமான ஏ.சி.எக்ஸ். பின்னணி இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. அதற்கு மேலே நின்றால், சட்டங்களை இன்னும் கூட்டுவதற்கு முன்னால் வீட்டு இன்வெர்ட்டரையும் கம்ப்யூட்டரின் விசிறியையும் ஒவ்வொன்றாக அணைத்து மறுபடி அளந்து பாருங்கள்.