விட்ட பிறகு நாலு வருஷம்

நேயர்களுக்கு வணக்கம். போதைப் பழக்கத்தைப் பற்றிய படம் என்றால் வழக்கமாக என்ன காட்டுவார்கள்? ஊசி, இருட்டறை, அம்மாவின் அழுகை, கடைசியில் ஒன்று ஆள் செத்துப்போவான், இல்லாவிட்டால் திருந்திவிடுவான். திருந்தியதும் விளக்கைப் போட்டு நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் இன்று பேச வந்த ஆஸ்திரேலியப் படம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. பெயர் 'லிட்டில் ஃபிஷ்', 2005இல் வந்தது, இயக்கியவர் ரோவன் வுட்ஸ்.

கதை நடக்கும் இடம் சிட்னிக்கு மேற்கே இருக்கும் காப்ரமாட்டா. வியட்நாம் போருக்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள் கடை, ஓட்டல் என்று போட்டு வேர்விட்ட ஊர். தொண்ணூறுகளில் ஹெராயின் விற்பனையால் பேர் கெட்டுப்போன ஊரும் அதுதான். அங்கே ஒரு வீடியோ கடையில் வேலை பார்க்கிறாள் ட்ரேசி. 32 வயது, ஹெராயினை விட்டு நாலு வருஷமாகிறது, அம்மாவோடு இருக்கிறாள். நடித்திருப்பவர் கேட் பிளான்செட்.

இவளுக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. கடையில் பங்குதாரராகி, கம்ப்யூட்டர் கேம் ஆட வருகிறவர்களுக்கு ஓர் இடம் போட வேண்டும், அதற்கு ஒரு லோன், அவ்வளவுதான். வங்கி இவளுடைய பழைய வண்டவாளத்தைப் பார்த்துவிட்டு முடியாது என்கிறது. சரி, கிடைக்கவில்லை என்று வந்து சொல்லிவிட்டுப் போகலாம் இல்லையா? கிடைத்துவிட்டது என்கிறாள்!

எனக்குப் படத்தின் உயிரே இந்தப் பொய்தான். போதையில் இருந்த காலத்தில் பொய் ஒரு பிழைப்பு, அடுத்த வேளை மருந்துக்குக் காசு புரட்டச் சொல்வது. இப்போது மருந்து போய்விட்டது, நாக்கு மட்டும் பழகிய வழியிலேயே போகிறது. ஆனால் இந்தத் தடவை அவள் அதைக் காசுக்காகச் சொல்லவில்லை, தன்னை நம்ப ஆரம்பித்திருக்கும் நாலு பேரின் முகம் வாடிவிடக் கூடாதே என்று சொல்கிறாள், அதுவே அவளைத் திரும்பவும் பழைய ஆட்களின் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது.

அம்மாவாக வரும் நோனி ஹேஸில்ஹர்ஸ்ட்டையும் கவனியுங்கள். மகள் மேல் உயிர், கூடவே ஓயாத சந்தேகம். பழைய காதலன் ஜானி கனடாவிலிருந்து திரும்பி வந்ததும் அந்தச் சந்தேகம் பயமாகவே மாறிவிடுகிறது. அப்புறம் லயனல், ஒரு காலத்தில் பேர்போன ரக்பி ஆட்டக்காரர், ட்ரேசிக்கு அப்பா மாதிரி, இன்னமும் ஹெராயினை விட முடியாதவர். ஹ்யூகோ வீவிங் அந்தப் பாத்திரத்தில் அவ்வளவு உருக்குலைந்து தெரிகிறார். அந்த வருஷம் ஆஸ்திரேலியத் திரைப்பட நிறுவனத்தின் விருதுகளில் பிளான்செட், ஹேஸில்ஹர்ஸ்ட், வீவிங் மூவருமே நடிப்புக்கான விருது வாங்கினார்கள்.

குறையும் உண்டு. பின்பாதியில் கடத்தல்காரர்கள் நுழைந்து படம் ஒரு குற்றக்கதையாகிறது. அது இல்லாமலேயே கதை நின்றிருக்கும் என்பது என் கட்சி. இன்னொன்று, யாருக்கு யார் என்ன உறவு என்பது ஆரம்பத்தில் சட்டென்று பிடிபடாது, யாரும் உட்கார்ந்து விளக்கவும் மாட்டார்கள், ட்ரேசியின் சகோதரன் ரேய்க்கு ஒரு கால் எப்படிப் போனது என்பதே போகப்போகத்தான் விளங்கும். கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். வணக்கம்.