இரை போடாமல் நரியைப் படம் பிடிப்பது

நேயர்களுக்கு வணக்கம்.

தானியங்கிக் கேமரா என்பது மரத்தில் கட்டிவிட்டு வரும் ஒரு சின்னப் பெட்டி. எதிரே சூடான உடம்பு நகர்ந்தால் தானே படம் எடுத்துக்கொள்ளும். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்துத் தோப்புகளில் இதைக் கட்டிப் பார்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது இதுதான்: "எதுத்தாப்புல ரெண்டு கருவாடு போட்டா நரி வந்துராதா?"

வரலாம். ஆனால் நரிக்கு முன்னால் ஊர் நாய் வந்துவிடும். அதற்கும் முன்னால் எறும்பு வரும், பகலானால் காக்கை. மறுவாரம் கேமராவின் மெமரி கார்டைப் போட்டுப் பார்த்தால் நாயும் காக்கையும்தான் நிறைந்து கிடக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் சட்டம். 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம், வேட்டை என்றால் என்ன என்று சொல்லும் 2ஆம் பிரிவின் 16ஆம் உட்பிரிவில், கண்ணி வைப்பது, பொறி வைப்பதோடு இரை காட்டி இழுப்பதையும் சேர்த்திருக்கிறது. நரி, காட்டுப்பூனை, புனுகுப்பூனை, முயல் எல்லாம் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு அட்டவணையில் இருக்கும் விலங்குகள். ஆராய்ச்சிக்காக என்றாலும் தலைமை வனவுயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அதற்கு 12ஆம் பிரிவு இருக்கிறது. நிலம் சொந்தப் பட்டா என்பதால் இது மாறாது. காப்புக்காடு என்றால் உள்ளே போவதற்கே அனுமதி வாங்க வேண்டும்.

சட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு விலங்கின் பக்கம் நின்று பாருங்கள். மனிதன் வைத்த இறைச்சியைப் பயமில்லாமல் தின்னப் பழகிய நரிக்கு, கேமராக்காரர் வைத்ததா அவுட்டுக்காய் வைத்தவர் வைத்ததா என்று தெரியாது. வாயைப் பிளக்கும் அந்த வெடியை மறைத்து வைப்பதே தின்பண்டத்துக்குள்தான். ஒரே இடத்தில் நாயும் நரியும் வாய் வைத்தால் வெறிநோயும் டிஸ்டெம்பர் என்ற நாய் நோயும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ வழியாகிறது. கணக்கெடுப்புக்கும் இரை ஆகாது. பசித்த விலங்கு நாலு தரம் வரும், கூச்சமுள்ளது வரவே வராது. அந்த எண்ணிக்கையை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

அப்படியானால் எதை வைத்துக் கூப்பிடுவது? நம் சீமையில் காலமே இரை வைக்கிறது; அதைப் படிக்கத் தெரிந்தால் போதும். தை, மாசியில் இலந்தைப் பழம் உதிரும். பங்குனி வாக்கில் இலுப்பைப் பூ. விடியுமுன் மரத்தடியில் வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கும். ஆனி, ஆடியில் நாவலும் வேப்பம்பழமும். ஆடி, ஆவணியில் பனம்பழம் பொத்தென்று விழும். நரியை இறைச்சி தின்னி என்று மட்டும் எண்ணுகிறோம். அது பழமும் விரும்பித் தின்னும். மரநாய்க்குப் பழமே பிரதானம். பழம் உதிரும் மரத்தடியைப் பார்த்துக் கட்டினால் நாம் எதையும் கொண்டுபோய் வைக்க வேண்டியதில்லை.

கோடையில் தண்ணீர்தான் இடம் காட்டும். சித்திரையில் கண்மாய் வற்றி, மடைக்கு உள்புறம் கடைசிக் குட்டை மிஞ்சும். அதன் ஈரச் சேற்றில் காலடித் தடம் தெளிவாக விழும். நகம் பதிந்த நீள்வட்டத் தடம் நாயாகவோ நரியாகவோ இருக்கும். நகம் பதியாத உருண்டைத் தடம் பூனை இனம். தடம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்த ஒற்றையடிப் பாதையில் கட்டுங்கள், குட்டையின் கரையில் வேண்டாம். கரையில் ஆடு மாடு மிதித்துக் கேமராவும் சாய்ந்துபோகும். கண்மாய்க்கு நீர் வரும் வரத்துக்கால், மிகுந்த நீர் வழியும் கலுங்கின் ஓரம், அய்யனார் கோயில்காட்டின் விளிம்பு ஆகியவையும் நல்ல இடங்கள்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எச்சம் கிடந்தால் அதை விடாதீர்கள். பழ விதை நிறைந்த எச்சம் பெரும்பாலும் மரநாயுடையது. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் ஓட்டுக்கூரைக்குள் அது குடியிருக்கும். மதில் மேலே அதன் வழி ஒன்று கட்டாயம் இருக்கும். புனுகுப்பூனை கல்லிலும் கட்டையிலும் தன் மணத்தைத் தேய்த்துவிட்டுப் போகும். அந்த மணத்தின் வலிமையை ஒன்று சொன்னால் புரியும்: 2018இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் அவனி என்ற பெண் புலியைத் தேடியபோது, அதை இழுக்க 'அப்செஷன்' என்ற வாசனைத் திரவியத்தைத் தெளித்துப் பார்த்தார்கள். அதில் புனுகின் மணப்பொருளான சிவெட்டோன், செயற்கையாகச் செய்தது, சேர்ந்திருக்கிறது. நம் ஊர் விலங்கு அதையே தானாகப் பூசிவிட்டுப் போகிற இடத்தில் வேறு வாசனை எதற்கு?

இனி கேமராவைக் கட்டும் விதம். நரி, காட்டுப்பூனைக்குத் தரையிலிருந்து 40 சென்டிமீட்டர். கீரி, முயலுக்கு 25 முதல் 30 போதும். பாதையிலிருந்து 3 மீட்டர் தள்ளி, பாதைக்கு 45 பாகை சாய்வாக வையுங்கள். கேமராவுக்குள் சூட்டை அறியும் உணரியின் முன்னால் குறுக்கே போகிற விலங்கு எளிதில் அகப்படும். நேரே நோக்கி வருவது தாமதமாகத்தான் அகப்படும். ஒன்றரை மீட்டருக்குள் வந்தால் இரவில் அகச்சிவப்பு ஒளி பட்டுப் படம் வெளுத்துவிடும். கிழக்கையோ மேற்கையோ பார்த்து வைக்காதீர்கள். காலை வெயிலும் மாலை வெயிலும் நேரே கண்ணில் அடிக்கும்.

வெற்றுப் படங்கள் நூற்றுக்கணக்கில் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் புல்தான். வெயிலில் சூடேறிய புல்லும் கருவேலங்கொப்பும் காற்றில் ஆடும்போது உணரி அதை உயிர் என்று எடுத்துக்கொள்ளும். முன்னால் 3 மீட்டர் வரை அரிவாளால் புல்லைச் செதுக்கிவிடுங்கள். இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. காற்றும் செம்பூராங்கல் தரையும் விலங்கின் உடம்புச் சூட்டை எட்டிவிட்ட கத்திரி நண்பகலில், எதிரே போகிற முயலைக் கேமரா கண்டுகொள்ளாது. வேறுபாடு இருந்தால்தான் உணரி விழிக்கும். அந்தப் பொழுதில் படம் இல்லாததை வைத்து விலங்கு இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

பேட்டரியை ஒரே வகையாக, ஒரே நாளில் வாங்கியதாகப் போடுங்கள். பழசும் புதுசும் கலந்தால் பழசு ஒழுகும். கார்டை அந்தக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். தேதியையும் மணியையும் சரிபார்க்க மறந்தால் எடுத்த படம் பாதி வீண். வார்ப்பட்டையில் விரலகலம் வாசலின் தடவினால் எறும்பு ஏறாது. தடவாவிட்டால் பெட்டிக்குள் முட்டையே வைத்துவிடும். பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் ஐப்பசி மழையில் கண்ணாடி பனிக்காது.

எழுத்து மூலம் அனுமதி பெற்று வாசனை வைப்பவர்கள், தின்ன எதுவும் கிடைக்காதபடி வையுங்கள். 10 சென்டிமீட்டர் பிவிசி குழாய்த் துண்டு, இருபுறமும் மூடி, சுற்றிலும் துளைகள், உள்ளே 5 மில்லி மீன் எண்ணெய் நனைத்த பஞ்சு. ஆணி அடிக்காமல் கம்பியால் கட்டுங்கள். கேமராவிலிருந்து 3 மீட்டர் தள்ளி வைத்து, வாரத்துக்கு ஒருமுறை பஞ்சை மாற்றுங்கள். அதே நாட்களில், அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் வாசனை இல்லாத கேமரா ஒன்றும் ஓடட்டும். ஒப்பிட அது இல்லையென்றால் வாசனையால் வந்ததா, தானாக வந்ததா என்று தெரியாது.

கடைசியாக ஊருணி. விலங்கு வருகிறது என்பதற்காகப் படித்துறையைப் பார்த்துக் கேமரா கட்டவே கூடாது. குளிக்கிற, தண்ணீர் எடுக்கிற பெண்களின் படம் அதில் விழும். எங்கே கட்டினாலும் ஊரில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மனிதர் முகம் விழுந்தால் அன்றைக்கே அழித்துவிடுங்கள். அலங்கு (வேட்டைக்கு ஆளாகும் எறும்புத்தின்னி) விழுந்தால் படத்தை அழிக்க வேண்டாம். இடத்தின் பெயரை மட்டும் வனத்துறையைத் தவிர வேறு யாருக்கும் சொல்லாதீர்கள்.

வணக்கம்.